கண்டதைச் சொல், மகனே

வணக்கம் நேயர்களே. விடியற்காலையில் கண்ட கனவு பலிக்கும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். என் அப்பத்தா அதை முழுசாக நம்பியவர். சின்ன வயதில் நான் அலறிக்கொண்டு எழுந்தால் முகத்தைக் கழுவிவிட்டு, நெற்றியில் திருநீறு பூசி, "என்னடா கண்டே, சொல்லு" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்.

சுமார் 3,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்திலும் இதையே செய்திருக்கிறார்கள். அரசர்களின் கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர்கள் வாழ்ந்த ஊர் தேர் எல்-மதீனா. அங்கே ஓர் எழுத்தரிடம் இருந்த கனவு நூல், பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் எழுதிய சுருள், இப்போது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கனவில் பெரிய பூனையைக் கண்டால் நல்லது, விளைச்சல் பெருகும். கண்ணாடியில் தன் முகத்தையே கண்டால் கெட்டது, இன்னொரு மனைவி வருவாள். இப்படி வரிசையாகப் பலன்கள். 'கெட்டது' என்ற சொல் வரும் இடமெல்லாம் சிவப்பு மை.

பலன்களை விட எனக்கு நெருக்கமானது அதிலுள்ள பரிகாரம். கெட்ட கனவு கண்டவன் எழுந்ததும் ஐசிஸ் தேவியை "அம்மா, வா" என்று அழைக்கிறான். அவள் அவனைத் தன் பிள்ளை ஹோரஸாகவே எண்ணி, கண்டதை வெளியே சொல், துன்பம் விலகும் என்கிறாள். அப்புறம் பியரில் நனைத்த பச்சிலையும் ரொட்டியும் கொண்டு அவன் முகத்தைத் துடைக்க வேண்டும். இதைப் படித்தபோது அப்பத்தாவின் ஈரக்கை என் முகத்தில் பட்டது போலவே இருந்தது.

நம்மிடமும் கனவைக் கேட்க ஒரு தோழி உண்டு. சிலப்பதிகாரத்தில் கண்ணகி தன் கனவைத் தேவந்தியிடம் சொல்கிறாள். கணவன் கைப்பிடித்து ஒரு பெரிய ஊருக்குப் போனதாகவும், அங்கே ஊரார் தேளைத் தூக்கிப் போட்டது போல ஒரு பழிச்சொல்லைப் போட்டதாகவும், கோவலனுக்குத் தீங்கு என்று கேட்டு அரசன் முன் தான் வழக்குரைத்ததாகவும் சொல்கிறாள். தேவந்தி பதறிப்போய்ப் பரிகாரம் சொல்கிறாள்: காவிரி கடலோடு கலக்கும் இடத்தில் சோமகுண்டம், சூரியகுண்டம் என்று இரண்டு பொய்கைகள் உண்டு, அவற்றில் நீராடிக் காமனைத் தொழுதால் கணவன் வந்து சேர்வான்.

கண்ணகி சொன்ன பதில் இரண்டே சொல். "பீடு அன்று." அது எனக்குப் பெருமை இல்லை.

கனவைச் சொல்லியாயிற்று, பரிகாரம் வேண்டாம் என்றும் சொல்லியாயிற்று. அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். அப்போது ஒரு சின்னப் பணிப்பெண் ஓடி வருகிறாள்: வாசலில் நிற்பது நம் கோவலன் போலிருக்கிறது!