சர்க்கரைக் கரைசலில் இழையங்கள்

வணக்கம் நேயர்களே.

உடலிலிருந்து வெட்டியெடுத்த இழையம் சில மணித்தியாலங்களிலேயே கெடத் தொடங்கும். அதைத் தடுக்கப் பத்து வீதப் போமலினைப் பாவிக்கிறோம். அதிலுள்ள போமல்டிகைட்டு கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். 2004இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் அதை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது. காற்றோட்டம் குறைந்த செய்முறைக் கூடங்களில் நிற்கும் மாணவருக்கு இதைவிட நல்லதொன்றைத் தேடிக்கொடுக்கத்தான் வேண்டும்.

தேன், சீனிப்பாகு, கரும்புச் சர்க்கரை (வெல்லம்) மூன்றையும் இந்திய ஆய்வாளர்கள் பரீட்சித்துள்ளனர். நல்ல பலன் தந்தது சர்க்கரை. அமிலத்தன்மையுள்ள கரைசலில் பிரக்டோசு என்ற வெல்லவகை உடைந்து, போமல்டிகைட்டின் இனமான அல்டிகைட்டுகளாகி, இழையப் புரதங்களைப் பிணைக்கிறது என்பதே இப்போதைய விளக்கம்.

செய்முறை இது. 30 கிராம் சர்க்கரையை இளஞ்சூட்டு நீரில் கரைத்து 100 மில்லிலீற்றராக்குங்கள். ஆறியதும் துணியிலும் பிறகு வடிதாளிலும் வடியுங்கள். சந்தைச் சர்க்கரையில் மண்ணும் தும்பும் கிடக்கும். இழையத் துண்டு 3, 4 மில்லிமீற்றருக்கு மேல் தடிக்கக் கூடாது. தடித்தால் வெளிப்புறம் நீரிழந்து சுருங்க, நடுப்பகுதி அழுகிவிடும். துண்டைப் போல இருபது மடங்கு கரைசல் வேண்டும். 24 மணித்தியாலம் ஊறியபின் ஓடும் நீரில் நன்றாகக் கழுவுங்கள். அடுத்து இழையத்தின் நீரை அகற்ற அற்ககோலில் இடுவோம். சீனி அற்ககோலில் இலகுவில் கரையாது. கழுவாமல் அற்ககோலில் இட்டால் உள்ளேயே படிந்துவிடும்.

"எங்கட பனங்கட்டி சரிவராதா?" என்று கேட்பீர்கள். பனங்கட்டி பொதிந்த ஓலைக் குட்டானைப் பிரித்து அப்படியே கரைக்க வேண்டாம். பனங்கட்டி காய்ச்சும் கருப்பநீர் (பதநீர்) புளிக்காமலிருக்க முட்டியில் சுண்ணாம்பு தடவுகிறோம். அந்தச் சுண்ணாம்பு அமிலத்தன்மையைக் குறைக்கும். கட்டியிலுள்ள சீனியான சுக்குரோசு பிரிந்து பிரக்டோசு உண்டாவதையும் தடுக்கும். கரைசலில் பீஎச் தாளை நனைத்துப் பாருங்கள். அமிலம் காட்டாவிட்டால் அந்தக் கட்டி இந்த வேலைக்கு உதவாது. காட்டினாலும், முதலில் கோழி ஈரலிலோ ஆட்டிறைச்சியிலோ போமலினோடு பக்கத்துக்குப் பக்கம் வைத்து ஒப்பிடுங்கள்: கலத்தின் கரு தெளிவாக நிறமேறுகிறதா, செங்குருதிக் கலங்கள் உடைந்துள்ளனவா?

யாழ்ப்பாணத்து வெக்கையில் பெரிய சிக்கல் நொதித்தல்தான். நுரையோ புளித்த மணமோ வந்தால் கரைசலை ஊற்றிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கரைப்பதே ஒழுங்கு. ஐதாக்கிய தேனிலும் பூஞ்சணம் பிடிக்கும்.

நோயாளியிடமிருந்து எடுத்த மாதிரியை மட்டும் இதில் இடாதீர்கள். அந்தத் துண்டு பழுதானால் இன்னொன்று கிடைக்காமலும் போகலாம். நோய் நிர்ணயத்துக்கு இன்னும் போமலின்தான். கையுறையும் புகைபோக்கிப் பெட்டியும் அங்கே கட்டாயம்.