சித்தியின் பக்கத்து வீட்டுக்காரர் ஏன் அந்தக் கட்சிக்குப் போட்டார்?

[காட்சி: கிளிநொச்சி, ஏ9 வீதியோரத் தேநீர்க்கடை. மேசையில் கைப்பேசி.]

2025 பெப்ரவரியில் ஜெர்மனியில் தேர்தல் முடிந்த மறுநாள் சித்தி வட்ஸ்அப்பில் கதைத்தா. அங்கே ரூர் என்ற பழைய சுரங்கப் பகுதியில் முப்பது வருசத்துக்கு மேல் இருக்கிறா. "பக்கத்து வீட்டுக்காரர் அந்தக் கட்சிக்குத்தான் போட்டவராம், மோனை. ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் தேருக்கு எங்களோட வந்த மனிசன்" என்றா.

அந்தக் கட்சி ஏ.எஃப்.டி., 'ஜெர்மனிக்கான மாற்று' என்ற தீவிர வலதுசாரிக் கட்சி. 2013இல் தொடங்கும்போது அதன் பெரிய கோபம் யூரோ நாணயத்தின் மேல். பிறகுதான் அந்தக் கோபம் குடியேறிகள் மேல் திரும்பியது. இந்தத் தேர்தலில் 20.8 வீத வாக்கோடு இரண்டாம் இடம். சித்தியின் குரலில் பயம் தெரிந்தது. அதனால்தான் இந்த வீடியோ.

தீவிர வலதுசாரி என்று யாரைச் சொல்கிறோம்? அரசியல் ஆய்வாளர் காஸ் மூடே மூன்று அடையாளம் சொல்கிறார். நாடு மண்ணின் மக்களுக்கே உரியது என்ற எண்ணம், கடுமையான ஒழுங்கில் பிடிப்பு, மேல்தட்டு சாதாரண சனத்தை ஏமாற்றுகிறது என்ற பேச்சு.

சரி, சனம் ஏன் போகிறது? வறுமை என்று உடனே சொல்லிவிடலாம். கொஞ்சம் பொறுங்கள்.

[காட்சி: 1930களின் ஜெர்மனி, வேலைக்கு வரிசையில் நிற்கும் ஆண்கள்.]

1928 தேர்தலில் நாஜிக் கட்சிக்குக் கிடைத்தது 2.6 வீதம். அடுத்த வருசம் உலகப் பொருளாதாரம் சரிந்தது. 1932 ஜூலையில் 37.3 வீதம். ஆனால் வேலை இழந்த தொழிலாளரில் கனபேர் கம்யூனிஸ்டுகளுக்கே வாக்களித்தார்கள். நாஜிகள் பக்கம் பெருவாரியாகச் சாய்ந்தது சிறு கடைக்காரரும் கமக்காரரும் சின்னப் பட்டினங்களின் நடுத்தரக் குடும்பங்களும். கையில் கொஞ்சம் வைத்திருந்து, அதுவும் போய்விடுமோ என்று நித்திரை இல்லாமல் கிடந்தவர்கள்.

1870 முதல் 2014 வரை 20 நாடுகளின் தேர்தல்களைப் பார்த்த ஓர் ஆய்வு இருக்கிறது. வங்கிகள் விழும் நிதி நெருக்கடிக்குப் பிறகு தீவிர வலதுசாரிகளின் வாக்கு, முன்பு இருந்ததைவிடச் சராசரியாக முப்பது வீதம் கூடுகிறதாம். 10 இருந்தால் 13 ஆகும். சாதாரண மந்தநிலைக்குப் பிறகு அப்படிக் கூடுவதில்லை. வங்கி விழுந்தால் குற்றவாளி யார் என்ற கேள்வி எழும். அந்த நேரம் யாராவது ஒருவர் விரலை நீட்டுவார்.

துரிங்கியா என்ற கிழக்கு ஜெர்மன் மாநிலத்தில் 2024 செப்டெம்பரில் இதே கட்சி முதலிடம் பிடித்தது. வெளிநாட்டவர் பங்கு அங்கே நாட்டுச் சராசரியைவிடக் குறைவு! ஆனால் 1990இல் கிழக்கு ஜெர்மனியும் மேற்கு ஜெர்மனியும் இணைந்த பிறகு தொழிற்சாலைகள் மூடின, இளசுகள் மேற்கே போனார்கள். பிள்ளைகள் எல்லாம் போய்த் தாய் தகப்பன் மட்டும் இருக்கும் வீட்டின் அமைதி எப்படியிருக்கும் என்று வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

[காட்சி: பழைய கொழும்பு, தேர்தல் கூட்டம்.]

நான் அதிகம் யோசிப்பது இலங்கையின் 1956 தேர்தல் பற்றித்தான். அப்போது நல்ல அரச வேலைகள் ஆங்கிலம் படித்தவர்களுக்கு. சிங்களத்தில் படித்த கிராமத்து இளைஞனுக்குக் கதவு மூடியிருந்தது. அந்தக் குறை நூற்றுக்கு நூறு உண்மை. எதிரணித் தலைவர் பண்டாரநாயக்க "சிங்களம் மட்டும்" என்றார், அதாவது அரச மொழி அது ஒன்றுதான், தமிழுக்கு இடமில்லை. அவருடைய கூட்டணியில் இடதுசாரிகளும் இருந்தார்கள், எனவே அதை வலதுசாரி என்று எழுதிவிட முடியாது. ஆனால் ஆங்கிலத்தின் மேல் இருந்த கோபம் தமிழர் மேல் எப்படி இறங்கியது என்று பாருங்கள்.

அதைவிட முக்கியம், ஆட்சியிலிருந்த ஐக்கிய தேசியக் கட்சி செய்தது. வாக்குப் போய்விடும் என்று பயந்து, தேர்தலுக்குச் சற்று முன்பு அதுவும் "சிங்களம் மட்டும்" என்றது. கிடைத்தது 8 ஆசனங்கள். அசலே கடையில் இருக்கும்போது நகலை யார் வாங்குவார்? அதோடு, இரண்டு பெரிய கட்சிகளும் ஒரே சொல்லைச் சொன்னதும் அது தீவிரமான கருத்தாகவே சனத்துக்குத் தெரியவில்லை. இன்று ஐரோப்பாவில் பழைய கட்சிகள் குடியேறிகள் பற்றிக் கடுமையாகப் பேசப் பேச, அங்கேயும் இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட என் மனம் ஒப்பவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். முல்லைத்தீவிலிருந்தும்தான். அது தேர்தல் கதை இல்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரரை ஒரே நாளில் "அவங்கள்" ஆக்கிவிடும் பயம் எங்கள் மண்ணிலும் வேலை செய்தது.

[காட்சி: மீண்டும் தேநீர்க்கடை.]

சித்தியின் பக்கத்து வீட்டுக்காரர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். ரூரின் கடைசிச் சுரங்கம் 2018இல் மூடியது. "ஏன் போட்டனீங்கள் எண்டு கேட்டீங்களோ?" என்றேன்.

"கேட்டனான் மோனை. 'உங்களைச் சொல்லேல்லை, மற்ற ஆக்களைத்தான்' எண்டவர்."