வடை மடித்த காகிதம்

நடுவர் அவர்களே, எதிரணியினரே, கும்பகோணத்துப் பெருமக்களே, எல்லாருக்கும் சேர்த்து ஒரே வணக்கம். கொடுத்திருப்பதே பத்து நிமிடம். தனித்தனியாக வணங்க ஆரம்பித்தால் மணி அடித்துவிடுவார்கள்.

புத்தகத் திருவிழா மேடை. தலைப்பு: ‘அடுத்த புத்தகத்தைத் திட்டமிட்டுத் தேர்ந்தெடுப்பதே சிறப்பா, கண்ணில் பட்டதைப் படிப்பதே சிறப்பா?’ நான் கண்ணில் பட்ட கட்சி.

எதிரணித் தலைவர் பேராசிரியர் ஐயா ஒரு பட்டியலோடு வந்திருக்கிறார். ‘வாழ்நாளில் படித்தே ஆக வேண்டிய நூறு நூல்கள்.’ சாதாரணத் தாள் இல்லை, லேமினேஷன் போட்டது. படித்து முடித்ததற்கு எதிரே டிக் அடிப்பாராம். பக்கத்து நாற்காலியில் இருந்து எட்டிப் பார்த்தேன். லேமினேஷன் கசங்கவே இல்லை, டிக்கையும் காணோம். பேனா பிடிக்கவில்லை போலிருக்கிறது, லேமினேஷன் மேல் பிடிக்காதுதானே!

அந்த ஐயாதான் சொன்னார்: “கண்ணில் பட்டதை எல்லாம் படிக்கிறவர், வடை மடித்த காகிதத்தையும் விடமாட்டார்.” நீங்களும் கைதட்டினீர்கள். எங்கள் அணி அம்மாவே தட்டினார்கள், நான் பார்த்தேன்.

ஐயா, கேலியாகச் சொன்னீர்கள். நான் ஒப்புக்கொள்கிறேன். வடைக் காகிதத்தை நான் விடமாட்டேன். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

இதே ஊர் பஸ் ஸ்டாண்டு. மயிலாடுதுறை பஸ்ஸுக்கு நிற்கிறேன். டீக்கடையில் மசால் வடை அப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுக்கிறார்கள். ஒன்று கேட்டேன். கம்பியில் குத்தித் தொங்கவிட்டிருந்த தாளில் ஒன்றைக் கிழித்து, வைத்துக் கொடுத்தார். வடை சூடு. ஊதும்போது கண் தாளில் விழுந்துவிட்டது. ஏதோ பழைய மர்மக் கதை. ராத்திரி ரயில். பெட்டியில் இரண்டே பேர். ஒருவர் தூங்குகிறார். மற்றவன் மெதுவாக எழுந்து, தூங்குகிறவரின் தலைமாட்டில் இருந்த டிரங்குப் பெட்டியை இழுக்கிறான். பூட்டு இல்லை. மூடியைத் தூக்குகிறான். கடைசி வரி, “உள்ளே...”

அவ்வளவுதான். அதற்குக் கீழே என் வடையின் எண்ணெய்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பின்பக்கத்து எழுத்து இந்தப் பக்கம் தெரிகிறது. பின்பக்கம் வேறு கதை, அதில் ஒரு மாமியார் ரசம் வைக்கிறாள். டிரங்குப் பெட்டிக்குள் ரசம் இருக்க வாய்ப்பில்லை.

சரி, அடுத்த தாள் கம்பியில்தானே இருக்கும்? “அண்ணே, இன்னொரு வடை.” வந்தது. பத்தாம் வகுப்பு வேதியியல். “இன்னொன்று.” ஒரு பிள்ளையின் கணக்கு நோட்டு, அதிலும் விடை தப்பு. “இன்னொன்று.” கடைக்காரருக்குப் பூரிப்பு. “வடை அவ்வளவு பிடிச்சிருக்கா தம்பி?” என்றார். “கதை பிடிச்சிருக்குண்ணே” என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “இதுக்கு அடுத்த தாள்லதான் உங்களுக்கு முன்னாடி நின்னவருக்கு ரெண்டு பஜ்ஜி கட்டினேன். அவர் திருவையாறு பஸ் ஏறிட்டாரே” என்றார்.

பாருங்கள் என் நிலைமையை! வடை வயிற்றில். நான் போக வேண்டியது மயிலாடுதுறை. கதை போவது திருவையாறு.

வீட்டில் போய்ச் சொன்னேன். என் மனைவி என்ன சொல்லியிருப்பார்கள்? பேராசிரியர் ஐயா சொன்னதையேதான். “வடை தின்னோமா கையைத் துடைச்சோமான்னு இல்லாம...” விளக்கை அணைத்தாயிற்று. ஊரே அடங்கிவிட்டது. நல்ல தூக்கத்தில் இருக்கிறேன், தோளைத் தட்டுகிறார்கள். “ஏங்க. அந்தப் பெட்டிக்குள்ள என்னங்க இருந்திருக்கும்?”

ஐயா, நூறு நூல் பட்டியல் வைத்திருக்கிறீர்களே. அதில் எந்த நூலாவது, படிக்காத ஒருவரை நடு ராத்திரியில் எழுப்பியிருக்கிறதா? இன்னொன்றும் சொல்கிறேன். இன்று மேடை ஏறும் முன்னால் இந்தக் கதையை ஐயாவிடம் டீ குடிக்கும்போது சொன்னேன். சிரித்தார். படி ஏறும்போது என் காதருகே குனிந்து கேட்டார், “கடைசியில் உள்ளே என்னதான் இருந்தது?” நடுவர் அவர்களே, என் வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது. மீதி நேரத்துக்குப் பேசுகிறேன்.

ஐயா ஒரு பெரிய ஆயுதத்தையும் எடுத்தார். உ.வே.சாமிநாதையர். சேலம் இராமசாமி முதலியார் என்ற ஒரு பெரியவர் எடுத்துச் சொல்லியிராவிட்டால் சீவக சிந்தாமணி அச்சுக்கு வந்திருக்குமா, ஆகவே பெரியவர்கள் தரும் பட்டியலே வழிகாட்டி என்றார். அதுவும் இந்த ஊரில் நின்றுகொண்டு!

நடந்தது என்ன? 1880. ஐயர் இங்கே காவிரிக் கரைக் கல்லூரியில் தமிழாசிரியர். முதலியார் அரியலூரிலிருந்து மாற்றலாகி இந்த ஊருக்கு முன்சீபாக வருகிறார். மரியாதைக்குப் பார்க்கப் போகிறார் ஐயர். என்ன படித்தீர்கள் என்று கேட்க, அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா என்று ஐயர் அடுக்குகிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர், அடுக்கக் கேட்பானேன்! முதலியார் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. அப்புறம்தான் சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்கிறார். அந்தக் கேள்வியில் தொடங்கி, 1887-இல் சிந்தாமணி அச்சில் வந்தது.

இதில் கவனியுங்கள். நூறு நூல் பட்டியல் வைத்திருந்தவர் யார்? ஐயர்! அந்தப் பட்டியலில் சிந்தாமணி இல்லை. சிந்தாமணியை இந்த ஊருக்குக் கொண்டுவந்தது எது? அரசாங்கம் போட்ட ஒரு டிரான்ஸ்ஃபர் ஆர்டர். அந்த முன்சீபைத் திருநெல்வேலிக்குத் தூக்கிப் போட்டிருந்தால்? அது திட்டமா, தற்செயலா? நீங்களே சொல்லுங்கள் ஐயா. உங்கள் ஆயுதத்தை நான் பிடுங்கவில்லை, திருப்பி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

நம் சீர்காழிக்காரர் ரங்கநாதன் கணக்கு வாத்தியார். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நூலகராகப் போனார். 1931-இல் நூலகத்துக்கென்று ஐந்து விதிகள் எழுதினார். அதில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். அலமாரியைத் திறந்து விடுங்கள், வாசகர் உள்ளே நடக்கட்டும் என்று வாதாடினார். சீட்டில் பெயர் எழுதிக் கொடுத்தால் கேட்ட புத்தகம் மட்டும்தான் வரும். கேட்கத் தெரியாத புத்தகம் எப்படி வரும்? இதோ வெளியே அரங்கு அரங்காகப் போட்டிருக்கிறார்களே, பத்து சதவீதத் தள்ளுபடியில், அதில் ஒன்று வாங்கப் போய் நாலு பையோடு வெளியே வருகிறீர்களே, அந்த மூன்று பை எந்தப் பட்டியலில் இருந்தது?

முதல் மணி. சரி. இனிமேல் வாதம் கிடையாது.

என் அம்மா ஐந்தாவது வரை படித்தவர்கள். அதற்கு மேல் தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நிறுத்திவிட்டார்கள். எங்கள் வீட்டில் புத்தகம் என்று ஒன்று கிடையாது. மளிகைக் கடையிலிருந்து பொட்டலம் வரும். அம்மா முதலில் நூலைப் பிரித்து உருண்டையில் சுற்றிக்கொள்வார்கள். பருப்பை டப்பாவில் கொட்டுவார்கள். தாளை உதறி, தொடையில் வைத்து உள்ளங்கையால் நீவி, அடுப்பு வெளிச்சத்தில் நின்றபடியே படிப்பார்கள். கடுகு மடித்து வந்த கூம்புத் தாள் சின்னது, அதில் நாலு வரிதான் இருக்கும். அதையும் விடமாட்டார்கள். அடுத்து எதைப் படிப்பது என்று அம்மா ஒரு நாளும் தேர்ந்தெடுத்ததில்லை. அதை முடிவு செய்தவர் எங்கள் ஊர்ச் செட்டியார், அவருக்கே தெரியாமல்.

வேலைக்குப் போனதும் அம்மாவுக்கு ஒரு நாவல் வாங்கிக் கொடுத்தேன். முழுசாக, அட்டையோடு. வாங்கினார்கள், முகர்ந்து பார்த்தார்கள், நடுவில் பிரித்து அங்கேயிருந்து படிக்க ஆரம்பித்தார்கள். “அம்மா, முதல் பக்கத்திலேர்ந்து படிங்க” என்றேன். “எல்லாத்துக்கும் முதல் பக்கம் இருக்குமாடா?” என்றார்கள்.

நடுவிலிருந்து கடைசி வரைக்கும் போனார்கள். அப்புறம் முதலிலிருந்து நடு வரைக்கும் வந்தார்கள். முடித்த அன்றைக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னார்கள், “இப்பத்தாண்டா புரியுது, அவன் ஏன் அவளை விட்டுட்டுப் போனான்னு.”

இந்த அம்மாவின் கையில் உங்கள் பட்டியலைக் கொடுத்து, முதல் எண்ணில் இருந்து ஆரம்பியுங்கள் என்று சொல்ல உங்களுக்கு மனசு வருமா ஐயா? நடுவர் அவர்களே, உங்கள் வீட்டிலும் பருப்புப் பொட்டலம் வந்திருக்கும், உங்கள் அம்மாவும் அதைப் பிரித்திருப்பார்கள். அதை நினைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லுங்கள். இரண்டாவது மணியும் அடித்துவிட்டார்கள். உட்காருகிறேன், வணக்கம்.