மூன்று கோப்பைகளும் ஓர் 1,000 கியாட் நோட்டும்

[காட்சி: மியான்மரின் யாங்கோன் நகரில் ஒரு டீக்கடை மேசை. பால் சேர்க்காத தேநீர் குடிக்கும் சிறு பீங்கான் கோப்பைகள் மூன்று கவிழ்ந்திருக்கின்றன.]

வணக்கம். இவற்றுள் ஒன்றின் அடியில், நான்காக மடித்த 1,000 கியாட் நோட்டு இருக்கிறது. எதன் அடியில் என்பது எனக்குத் தெரியும். எதிரே அமர்ந்திருக்கும் பெரியப்பாவுக்குத் தெரியாது. அவர் இடது ஓரக் கோப்பையைத் தொட்டதும், மற்ற இரண்டில் வெறுமையான ஒன்றை நிமிர்த்திக் காட்டி, "மாற்றிக்கொள்கிறீர்களா, பெரியப்பா?" என்று கேட்கிறேன்.

"மிச்சம் இரண்டுதானே தம்பி? இதிலும் பாதி, அதிலும் பாதி. எதற்கு மாற்ற வேண்டும்?" என்கிறார்.

அவரைப் போல் நினைத்தவர்கள் ஏராளம். 1975இல் ஸ்டீவ் செல்வின் என்ற புள்ளியியலாளர் முன்வைத்த இப்புதிருக்கு, தொலைக்காட்சித் தொகுப்பாளர் மான்டி ஹாலின் பெயர் நிலைத்துவிட்டது. 1990இல் மேரிலின் வோஸ் சாவந்த் தம் பத்திரிகைப் பத்தியில் மாற்றுவதே மேல் என எழுதியபோது, கணித முனைவர்கள் பலரும் அவரை மறுத்துக் கடிதம் எழுதினார்கள். கணித மேதை பால் எர்டோஷ்கூடக் கணினியில் ஓட்டிக் காட்டிய பிறகே இணங்கினார்.

பெரியப்பா தொட்ட கோப்பையில் நோட்டு இருக்க மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புதான் உண்டு. மீதி இரண்டு பங்கில், நோட்டு இருக்கும் கோப்பையை நான் தொடக்கூடாது என்பதால், வேறு வழியின்றி வெறுங்கோப்பையை நிமிர்த்துகிறேன். அப்போது கவிழ்ந்தே நிற்கும் மற்றொன்றில் நோட்டு இருந்தே தீரும். ஆகவே மாற்றுகிறவர் மூன்றில் இரண்டு முறை வெல்வார்.

பெரியப்பா விடவில்லை. "கடைப் பையன் கை பட்டு அந்தக் கோப்பை தானாகவே உருண்டிருந்தால்?"

இது மிக நல்ல கேள்வி. புதிரின் உயிரே இதில்தான் இருக்கிறது. பையனுக்கு நோட்டின் இடம் தெரியாது. நோட்டு மற்ற இரண்டில் ஒன்றில் இருக்கும்போது, அவன் கை பட்டுப் பாதி முறை நோட்டே வெளிப்பட்டு ஆட்டம் கலைந்திருக்கும். ஆகவே அந்த இரண்டு பங்கில் ஒன்று கழிந்து, இங்கே ஒரு பங்கு, அங்கே ஒரு பங்கு என்றாகிறது. அப்போது பெரியப்பா சொன்ன பாதிக்குப் பாதி முற்றிலும் சரி. கண்ணுக்குத் தெரிவது இரண்டிலும் அதே வெறுங்கோப்பைதான். அதைத் திறந்தவருக்கு என்ன தெரியும் என்பதே கணக்கை மாற்றுகிறது.

"நீ தெரிந்துதானே நிமிர்த்தினாய்?"

"ஆமாம், பெரியப்பா. ஒவ்வொரு முறையும் அப்படித்தான் செய்வேன். மாற்றவும் கட்டாயம் கேட்பேன்."

அவர் கையை வலது ஓரத்துக்கு நகர்த்தி, கோப்பையைத் தூக்குகிறார். தேநீர்க் கறை வட்டம் மட்டுமே இருக்கிறது. முதலில் தொட்டதில்தான் நோட்டு.

"மூன்றில் அந்த ஒன்று இதுதான். மறுபடியும் வை தம்பி, மாற்றியே ஆடுகிறேன்" என்கிறார் பெரியப்பா.