சியாங் கரையில் யிங்கியோங்

நேயர்களுக்கு வணக்கம்.

அருணாசலப் பிரதேசத்தில் யிங்கியோங் என்று ஓர் ஊர். மேல் சியாங் மாவட்டத்துக்கு அதுதான் தலைநகர். தலைநகர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு கடைத்தெரு, நாலைந்து அரசு அலுவலகங்கள், ஒரு ஹெலிகாப்டர் தளம், மலைச்சரிவில் ஏறி இறங்கும் வீடுகள். கீழே சியாங் ஆறு. அங்கே போய் வந்ததைச் சொன்னால் "பார்க்க என்ன இருக்கிறது?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கோயில், அருவி, பூங்கா என்று பட்டியல் கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. ஆறு இருக்கிறது. ஆற்றையே பார்த்துக்கொண்டு வாழ்கிற மனிதர்கள் இருக்கிறார்கள்.

சியாங் என்ற பெயர் புதிதாக இருக்கலாம். பிரம்மபுத்திராவைத்தான் சொல்கிறேன். கயிலை மலைப் பக்கம் பிறந்து, யார்லுங் சாங்போ என்ற பெயரில் திபெத்தின் குறுக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கிழக்கு நோக்கி ஓடுகிறது. 7,782 மீட்டர் உயரமுள்ள நாம்சா பர்வா சிகரத்தை ஒரு சுற்றுச் சுற்றித் தெற்கே திரும்பி, பெரும் பள்ளத்தாக்கு வழியாக இறங்கி வருகிறது. இந்தியாவுக்குள் நுழைந்ததும் சியாங். அசாம் சமவெளியில் திபாங்கும் லோகித்தும் வந்து சேர்ந்த பிறகு பிரம்மபுத்திரா.

திபெத்தின் சாங்போவும் அசாமின் பிரம்மபுத்திராவும் ஒரே ஆறுதானா என்பது 19ஆம் நூற்றாண்டில் பெரிய சந்தேகமாக இருந்தது. அதைக் கண்டறிய நில அளவைத் துறை 1880இல் அனுப்பிய ஆள் கிந்துப். சிக்கிம்காரர், எழுதப் படிக்கத் தெரியாதவர். கூடப் போன லாமா கிந்துப்பையே அடிமையாக விற்றுவிட்டு நடையைக் கட்டிவிட்டார். கிந்துப் தப்பி ஓடினார். பிடிபட இருந்தவரை ஒரு மடத்துத் தலைவர் விலை கொடுத்து வாங்கினார். அங்கே வேலை செய்துகொண்டே, யாத்திரை போகிறேன் என்று விடுப்புக் கேட்டு, காட்டில் 500 மரத்துண்டுகளை வெட்டி அடையாளமிட்டு ஒளித்து வைத்தார். இன்ன நாளில் ஆற்றில் விடுவேன், கீழே ஆள் வைத்துப் பாருங்கள் என்று லாசாவிலிருந்து கடிதம் எழுதச் செய்து அனுப்பினார். சொன்னபடியே நாளுக்கு 50 வீதம் பத்து நாள் விட்டார். கடிதம் போய்ச் சேர வேண்டிய அதிகாரி அதற்குள் இந்தியாவை விட்டே போய்விட்டார். கரையில் யாரும் நிற்கவில்லை. நாலு வருடம் கழித்துத் திரும்பி வந்தவர் சொன்னதையும் பலர் நம்பவில்லை. 1913இல் பெய்லி, மோர்ஸ்ஹெட் என்ற இரு அதிகாரிகள் அந்தப் பள்ளத்தாக்கில் நடந்து பார்த்த பிறகுதான், கிந்துப் சொன்னது பெரும்பாலும் சரி என்று தெரிந்தது.

அந்த 500 துண்டுகளும் யிங்கியோங் மலையடியைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். கரையோரம் வாழும் 'ஆதி' என்ற பழங்குடி மக்கள் யாராவது கண்டிருந்தால், நல்ல விறகு என்று இழுத்துப் போட்டு எரித்திருப்பார்கள்.

சரி, ஊருக்குப் போகும் வழி. அசாமின் திப்ருகரிலிருந்து பிரம்மபுத்திராவைக் கடக்க வேண்டும். 2018 வரை வண்டியையே படகில் ஏற்றித்தான் கடந்தார்கள். இப்போது ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்குப் போகிபீல் பாலம் இருக்கிறது. பிறகு பாசிகாட். அங்கிருந்து டாடா சுமோ. விடியற்காலையில் கிளம்பும், பத்துப் பேர், அவர்கள் மூட்டை முடிச்சு, கோழிக்கூடை எல்லாம் சேர்ந்துதான் பயணம். பாங்கின் என்ற இடத்தில் சியோம் ஆறு சியாங்கில் வந்து கலக்கிறது. அதைத் தாண்டினால் பாதை மலையை ஒட்டியே போகும். மண் சரிந்த இடங்களில் வண்டி நிற்கும். ஓட்டுநர் இறங்கிப் பார்ப்பார், புகையிலையைக் கசக்கி வாயில் போடுவார், மறுபடி ஏறுவார். அவர் முகத்தைப் பார்த்தே பாதையின் நிலவரம் தெரிந்துவிடும்.

ஊரின் அதிசயம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் தொங்கு பாலத்தைச் சொல்வேன். முன்பெல்லாம் முழுக்கப் பிரம்பாலேயே பின்னுவார்கள். குழாய்க்குள் நடப்பதுபோல் இருக்குமாம். இப்போது இரும்பு வடம், அதன் மேல் மூங்கில் பட்டைகள். பட்டைகளுக்கு நடுவே ஒரு பாதம் நுழையும் அளவுக்கு இடைவெளி. கீழே பச்சைத் தண்ணீர் சுழித்து ஓடுகிறது. நான் வடத்தைப் பிடித்தபடி அடிமேல் அடி வைத்துக்கொண்டிருந்தேன். எதிரே ஒரு அம்மா முதுகில் விறகுக் கூடை சுமந்து, கூடையின் பட்டையை நெற்றியில் மாட்டி, இரண்டு கையையும் வீசி வந்தார். பாலம் ஆடியது. இந்தியில், "நில்லு, கீழே பார்க்காதே" என்று மட்டும் சொல்லி ஒதுங்கிப் போய்விட்டார். அருணாசலத்தில் இத்தனை மொழிகளுக்கு நடுவே இந்திதான் பொதுமொழி. எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தி அங்கே போதுமானதாக இருந்தது.

ஆதி வீடுகள் கால்களின் மேல் நிற்கும். மூங்கில் சுவர், பனையோலை போன்ற ஓலையால் வேய்ந்த கூரை, நடுவில் அடுப்பு. அடுப்புக்கு மேலே பரணில் இறைச்சி புகையில் தொங்கும். நான் போன வீட்டில் அபோங் வடித்துக்கொண்டிருந்தார்கள். அரிசியிலிருந்து எடுக்கும் கள். நெல் உமியை எரித்துச் சோற்றோடு கலந்து, புளிக்க வைத்து, இலை வைத்த கூம்பில் போட்டு மேலே வெந்நீர் ஊற்றுகிறார்கள். அடியில் கறுப்பாகச் சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்தால் நம் வீட்டு டிகாஷன்தான். நான் குடிப்பதில்லை; ஆனாலும் உதட்டில் வைக்காமல் எழுந்து வருவது மரியாதை இல்லை என்பதால் ஒரு வாய் குடித்தேன். லேசான இனிப்பு, லேசான கரி வாசனை.

அந்த வீட்டுப் பெரியவரிடம் ஆற்றைப் பற்றிக் கேட்டபோதுதான் பேச்சு வேறு பக்கம் போனது. 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் திபெத்தில் யிகோங் என்ற இடத்தில் மலை சரிந்து, இந்த ஆற்றுக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஒரு துணையாற்றை அடைத்தது. இரண்டு மாதம் தண்ணீர் தேங்கியது. ஜூனில் அந்த அடைப்பு உடைந்தது. இங்கே மழை பெய்யாமலே ஆறு மலையளவு எழும்பி வந்து பாலங்களைப் பிய்த்துக்கொண்டு போனது, உயிர்களும் போயின. 2017 கடைசியில் பச்சைத் தண்ணீர் திடீரென்று சேறாகக் கறுத்து வந்தது. அதுவும் மேலே நிலநடுக்கத்தில் மண் சரிந்ததன் விளைவு என்று செயற்கைக்கோள் படங்களைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். மேலே என்ன நடக்கிறது என்று இங்கே யாருக்கும் தெரியாது. வந்து சேர்ந்த பிறகுதான் தெரியும். அதனால் காலையில் எழுந்ததும் தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பது அவர்களுக்குப் பழக்கம்.

இப்போது சீனா, நாம்சா பர்வாவைச் சுற்றும் அந்த வளைவில் 60,000 மெகாவாட் நீர்மின் திட்டத்தை 2025 ஜூலையில் தொடங்கியிருக்கிறது. அவர்கள் திடீரென்று திறந்துவிட்டால் தாங்குவதற்கு இங்கேயும் ஒரு பெரிய அணை வேண்டும் என்கிறது நம் அரசு. சியாங்கில் 11,000 மெகாவாட் திட்டம். ஆய்வுக்கே ஊர்க்காரர்கள் இடம் கொடுக்க மறுத்து மறியல் செய்தார்கள். 'ஆனே சியாங்', அதாவது தாய் சியாங், என்று கும்பிடும் ஆற்றில் தங்கள் வயலும் வீடும் மூழ்குவதை யார்தான் ஒப்புவார்கள்? அரசின் கவலையில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மேலே ஒருவன் திறந்துவிடுவானோ என்ற பயத்துக்கு விலையாகக் கீழே இருப்பவனின் ஊரையே கேட்பது எனக்கு ஒட்டவில்லை. அந்தப் பெரியவர் கேட்டது இன்னும் எளிமையான கேள்வி: "அணை கட்டினால் நாங்கள் எங்கே நெல் விதைப்பது?"

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். வெளிமாநிலத்தவர் யாராக இருந்தாலும் இன்னர் லைன் பெர்மிட் என்ற நுழைவு அனுமதி வேண்டும்; இணையத்திலேயே எடுக்கலாம். அக்டோபரிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். செப்டம்பர் தொடக்கத்தில் சோலுங் திருவிழா பார்க்க ஆசைப்பட்டால் மழைக்கும் மண்சரிவுக்கும் தயாராகப் போங்கள். குளிர்காலத்தில் நாலரை மணிக்கே இருட்டிவிடும், அதனால் அன்றாடம் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள். ஏடிஎம்மை நம்பாமல் கையில் பணம் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் குறுக்கே நிற்கும் மிதுன் மாடுகளை விரட்டாதீர்கள்; காட்டில் தானாகத் திரிந்தாலும் ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் உண்டு, காதில் வெட்டிய அடையாளத்தை வைத்தே யாருடையது என்று சொல்லிவிடுவார்கள். ஒன்றை வண்டியில் அடித்துவிட்டால் ஊர்ச்சபை வைக்கும் அபராதம் சுமோவின் விலையை நினைவுபடுத்தும். அப்புறம், சுமோவில் முன் இருக்கை வேண்டுமென்றால் முதல் நாள் மாலையே கவுண்ட்டரில் பெயர் கொடுத்துவிடுங்கள். பின் இருக்கையில் அந்தப் பாதையை ஒரு முறை போனவர்கள் இரண்டாம் முறை சம்மதிப்பதில்லை.

வணக்கம்.