மிளகாய் வந்த வழி

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

யாழ்ப்பாணத்துச் சமையலின் அடையாளம் எதுவென்று கேட்டால், நம்மில் பலர் தயங்காமல் உறைப்பு என்போம். செத்தல் மிளகாயைக் கருகவிடாமல் வறுத்து, மல்லி, சீரகம், வெந்தயம், மிளகு, கறிவேப்பிலையோடு இடித்தெடுத்த தூள், வெளிநாடு செல்லும் பிள்ளையின் பெட்டியிலும் தவறாமல் இடம்பிடிக்கும். ஆயினும், மிளகாய் இந்த மண்ணில் தோன்றியதன்று. அமெரிக்கக் கண்டத்துப் பயிரான அது, 1492இல் கொலம்பஸ் அங்கு சென்ற பின்னரே வெளியுலகுக்குத் தெரியவந்து, 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் வழியாக நம் பக்கத்துக் கரைகளை அடைந்தது.

அதற்கு முன் நம் முன்னோர் உறைப்புக்கு நம்பியிருந்தது மிளகையே. சான்று தேடி ஏடுகளைப் புரட்ட வேண்டியதில்லை. மிளகைப்போல் உறைக்கும் காய்க்கு அவர்கள் இட்ட பெயரே போதும். சிங்களத்திலும் 'மிரிஸ்' என்ற மிளகின் பெயரை மிளகாய் எடுத்துக்கொள்ள, மிளகு 'கம்மிரிஸ்' ஆயிற்று. பாண் போர்த்துக்கேயரிடமிருந்தும் போஞ்சி ஒல்லாந்தரிடமிருந்தும் பெயரோடு வந்தவை. மிளகாய்க்கோ நாமே பெயர் சூட்டினோம். அதனாலேயே அது வந்த வழி மறந்துபோயிற்று என்று நான் கருதுகிறேன்.

என் அம்மம்மா காய்ச்சிய ஒடியற்கூழ் நினைவுக்கு வருகிறது. பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்து இடித்த மாவை நீரில் ஊறவிட்டு, கசப்பு நீரை வடித்து, நண்டும் இறாலும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் வெந்துகொண்டிருக்கும் பானையில் கரைத்துவிடுவார். அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் சேர்ந்ததும் எழும் வாசம் படலைவரை வரும். பனையோலைப் பிளாவில் ஏந்திக் குடித்த அந்தக் கூழில் ஒடியல் நம் பனை தந்தது, நண்டும் இறாலும் நம் கடல் தந்தவை. ஆனால் மிளகாயும், கூடவே வெந்த மரவள்ளிக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள்.

அந்நியக் காயைச் சொந்தமாக்கியவர்கள் நம் கமக்காரர்களே. துலா மிதித்துக் கிணற்று நீர் இறைத்துச் செம்மண்ணில் அதை வளர்த்தார்கள். 1970களில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, இங்கிருந்து செத்தலும் வெங்காயமும் தெற்கே போக, பல குடும்பங்கள் தலைநிமிர்ந்தன. 1977இன் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டு விலை சரிந்த காலத்திலும், வீட்டுத் தூளுக்கென்று கிணற்றடியில் இரண்டு வரிசைக் கன்று நடுவதை என் தந்தையார் நிறுத்தவில்லை.