கர்ணனுக்கு ஒரு ஷில்லிங்

நடுவர் ஐயாவுக்கும், இரண்டு அணியினருக்கும், ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக வீட்டுச் சமையலை விட்டுவிட்டு நம்ம தென்னாப்பிரிக்க டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்தும் மெரிபேங்கிலிருந்தும் வந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம். அரங்கு நிறையாமல் மூடப்பட்ட இசை நாடகத்துக்கு விருது தகுமா, தகாதா என்பது தலைப்பு. தகும் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய தம்பி ஒரு கணக்கை எடுத்து வைத்தார். 2006-இல் கனடாவின் டொராண்டோ நகரத்தில் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையை இசை நாடகமாகப் போட்டார்கள். நம்ம ஏ.ஆர். ரஹ்மான் இசை; கூடவே பின்லாந்து நாட்டு வார்த்தினா குழுவும் கிறிஸ்டோபர் நைட்டிங்கேலும். செலவு 2 கோடியே 80 லட்சம் கனடா டாலர். மார்ச்சில் திறந்தவர்கள் செப்டம்பரில் கதவைச் சாத்திவிட்டார்கள். ஆனால் அந்த ஊர் நாடக விருதான டோராவில் அதற்கு 15 பரிந்துரை, 7 விருது. "ஆளே வராத கல்யாணத்துக்கு மொய் எழுதின கதை" என்றார் தம்பி. நீங்களும் பலமாகக் கைதட்டினீர்கள். தம்பி, அந்த மொய்க்கு வருகிறேன். அதற்கு முன்னால் என் தாத்தா கதையைச் சொல்லிவிடுகிறேன்.

தாத்தா டர்பனுக்கு வடக்கே கடற்கரைப் பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்தில் வெட்டாள். பகலில் கரும்பு, ராத்திரியில் தெருக்கூத்து. இங்கே பிள்ளைகள் 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்கிறார்களே, அதேதான். இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம். கர்ணன் சாகிற கூத்து, தாத்தாதான் கர்ணன். மூன்று மாதம் ஒத்திகை. மரத்தில் கிரீடம் செதுக்கி, உடைந்த கண்ணாடியைச் சில்லு சில்லாக வெட்டி அவரே ஒட்டினாராம். கரும்புச் சோகை கிழித்த விரல், அதன்மேல் கண்ணாடி கிழித்த காயம். பெட்ரோமாக்ஸ் விளக்கு வாடகைக்கு. அரிதாரம் கடனுக்கு.

கூத்து தொடங்கி ஒரு மணி நேரம் ஆகவில்லை, மழை பிடித்துக்கொண்டது. இங்கே கோடையில் வருமே, வானத்தையே கவிழ்த்துக் கொட்டுகிற மாதிரி, அந்த மழை. பாய் சுருட்டியவர்கள், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவர்கள் என்று கூட்டம் கலைந்துவிட்டது. ஆர்மோனியத்தின் மேல் வேட்டியைப் போட்டு மூடிக்கொண்டே வாத்தியார் கேட்டாராம்: "நிறுத்திடலாமா?"

முகத்துச் சிவப்பெல்லாம் கழுத்து வழியாக வழிந்து ஓட, தாத்தா சொன்னது இதுதான்: "கர்ணன் இன்னும் சாகலையே வாத்தியாரே!"

விடிகிறவரை ஆடினார்கள். யாருக்காக? ஒரே ஒரு ஆளுக்காக. தலையில் கோணிச் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, சேற்றில் குந்தியபடி ஒரு கிழவி.

இந்தக் கதையை எங்கள் வீட்டில் கேட்காத பிள்ளை கிடையாது. தாத்தா சொன்னால் அது மழை. பெரியப்பா சொன்னால் புயல். சின்னத்தை சொல்லும்போது ஆற்றில் வெள்ளம் வந்து பாலமே போய்விடும். வாத்தியார் ஒருவர் கதையில் அழுவார், இன்னொருவர் கதையில் அதட்டுவார். ஆனால் அந்தக் கிழவி மட்டும் எல்லார் கதையிலும் அசையாமல் அதே இடத்தில் உட்கார்ந்திருப்பாள். எத்தனை முறை கேட்டாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

அப்புறம் என்ன நடந்தது என்பதை முடிவில் சொல்கிறேன். இப்போது மொய்.

தம்பி, ஐந்நூறு பேருக்குப் பத்திரிகை வைத்த கல்யாணம். ஐம்பது பேர்தான் வந்தார்கள். சோறு மீந்துபோகும், சரி. ஆள் வரவில்லை என்று தாலி எடுத்துக் கொடுக்க மாட்டேன் என்று சொன்ன ஐயர் உண்டா? கல்யாணம் செல்லாது என்று மாப்பிள்ளை எழுந்து போவாரா? மொய் எதற்கு எழுதுகிறோம்? மண்டபத்தில் எத்தனை நாற்காலி நிறைந்தது என்று எண்ணிவிட்டா உறையில் பணம் வைக்கிறோம்? பொண்ணு மாப்பிள்ளை நன்றாக வாழட்டும் என்று வைக்கிறோம்.

இன்னும் கேளுங்கள். அதே கல்யாணத்தில் விடிய விடிய மாலை கட்டிய அம்மா இருக்கிறார். நாதஸ்வரக்காரர் இருக்கிறார். கூட்டம் குறைந்துபோனால் அந்த மாலை வாடிய மாலை ஆகிவிடுமா? ஊதிய மோகனம் அபஸ்வரம் ஆகிவிடுமா? நாடகமும் அப்படித்தான். ஐம்பது பேருக்கு மேல் ஆடிப் பாடினார்கள். டொராண்டோவில் மூடிய பிறகு 2007-இல் லண்டனுக்குக் கொண்டுபோனபோது மூன்று சுழல்மேடை, 17 லிஃப்ட். உடை தைத்தவர், விளக்குப் போட்டவர், ஒலி கலந்தவர் எல்லாரும் டிக்கெட் விற்கவா வந்தார்கள்? டிக்கெட் விற்காததற்கு ஆயிரம் காரணம் இருக்கும். விளக்கு நன்றாக இருந்ததா என்ற கேள்விக்கு, மேடையைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். அதைச் செய்கிறவர் பெயர்தான் நடுவர். கூட்டம்தான் தீர்ப்பு என்றால், நடுவர் ஐயாவை இந்த வெயிலில் எதற்காக அழைத்து வந்தோம்? வாசலில் நின்று தலையை எண்ணிவிட்டுப் போயிருக்கலாமே!

வசூலில் ஓடாதது காலத்துக்கும் ஓடாது என்று எதிரணித் தங்கை சொன்னார். ஸ்டீபன் சோண்ட்ஹைம் இசையமைத்த 'மெரிலி வி ரோல் அலாங்' 1981 நவம்பரில் நியூயார்க்கில் திறந்தது. 16 காட்சி. இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. அப்போதும் அதன் பாட்டுக்கு, அந்த ஊர் நாடகங்களுக்கான பெரிய விருதான டோனி விருதுக்குப் பரிந்துரை கொடுத்தார்கள். காலி நாற்காலியைத் தாண்டி யாரோ சிலருக்குக் காது கேட்டிருக்கிறது. அதே நாடகத்துக்கு 2024-இல் நான்கு டோனி விருது. சோண்ட்ஹைம் 2021-இலேயே காலமாகிவிட்டார். நாலும் வந்தபோது அவர் இல்லை. இந்த நாடகத்துக்கு டோனியில் அந்த முதல் பரிந்துரை ஒன்றுதான் அந்த மனுஷன் உயிரோடு இருந்து பார்த்தது. அதையும் கொடுத்திருக்கக் கூடாது என்கிறீர்களா தங்கச்சி?

ரஹ்மான் நாடகமும் சாகவில்லை. 2023-இல் இங்கிலாந்தில் பழைய நீராலை ஒன்றில் இயங்கும் வாட்டர்மில் என்ற சின்ன அரங்கில் மறுபடி போட்டார்கள். நடிகர்களே வாத்தியம் வாசித்தார்கள். அடுத்த வருஷம் சிகாகோ, நியூசிலாந்து என்று போனது. யானைக்குக் குறிவைத்துத் தவறிய வேல் ஒன்றை ஏந்துவதுதான் அழகு என்று குறளில் படித்து வளர்ந்தவர்கள் நாம். முயலடித்த அம்பை மட்டும் பாராட்டச் சொன்னால் எப்படி?

அதை விடுங்கள். போரில் தோற்றவன் கர்ணன். ஜெயித்தவன் அர்ச்சுனன். விடிய விடிய நாம் கண்ணீர் விடுவது யாருக்கு?

சரி, அந்தக் கிழவி. விடியற்காலையில் கர்ணன் சேற்றில் விழுந்து செத்தான். கிழவி ஓவென்று அழுதாளாம். எழுந்து வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு ஷில்லிங்கைத் தாத்தா கையில் வைத்தாள். அந்த ராத்திரி மொத்த வசூலே அதுதான். விளக்கு வாடகைக் கடனை அடைக்க மாதக்கணக்கில் ஆனது. "மழையிலே ஏன் பாட்டி உட்கார்ந்திருந்தே?" என்று தாத்தா கேட்டார். அவள் சொன்னாள்: "கர்ணன் சாகும்போது அழ ஒரு ஆளாவது வேணாமா சாமி?"

அந்தக் காசைத் தாத்தா செலவு பண்ணவே இல்லை. 1961-இல் ஷில்லிங் போய் ராண்ட் நாணயம் வந்தபோது, "பேங்க்கில் கொடுத்து மாற்றிக்கொள், பத்து சென்ட் கிடைக்கும்" என்று ஆயா சொல்லிப் பார்த்தார். தாத்தா கேட்கவில்லை. சாகிற அன்றைக்கும் அது அவர் தலையணைக்கு அடியில் இருந்தது. இதோ, இன்றைக்கு என் கையில் இருக்கிறது. தேய்ந்து தேய்ந்து ராஜா தலை மழுங்கிவிட்டது.

நடுவர் ஐயா, இதை ஒரு நிமிஷம் கையில் வைத்திருங்கள். தீர்ப்பு சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் போதும். வணக்கம்.